பல் இருக்கும் கால்

என்கர்நாசியோன். ஜனவரி. பகல் பதினொன்றரை.
விடுதி நீச்சல்குளத்துப் பலகையில்
சிவப்பு எழுத்து:
உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.
பொறுப்பில்லை என்று சொல்ல மட்டும்
அவ்வளவு பெரிய எழுத்து.

இங்கே எல்லோருக்கும் ஒளிக்கத் தெரியும்.
மூன்றாம் நாற்காலிப் பெண்
கைக்குழந்தையின் ஈரத்துணிப் பைக்குள்
கைபேசியைச் செருகுகிறாள்.
போசாதாஸிலிருந்து பாலம் கடந்து வந்த பல்மருத்துவர்
மோதிரத்தைக் காலுறைக்குள் உருட்டி
காலுறையைக் காலணிக்குள் திணித்து
காலணிமேல் செய்தித்தாள் விரித்து
இறங்குமுன் மூன்று தரம் திரும்பிப் பார்க்கிறார்.
திருடனுக்கு இதைவிடத் தெளிவாக
வழி சொல்ல முடியாது.

தெரெரே குடுவைகளை மட்டும் யாரும் ஒளிப்பதில்லை.
தோலுறையில் பெயர் பொறித்திருக்கிறது.
இன்னொருவர் பெயரைத் தூக்கிக்கொண்டு
எவ்வளவு தூரம் ஓட முடியும்?

நான் என் இடதுகாலைக் கழற்றுகிறேன்.
பழையதைச் சர்க்கரை தின்று ஆறு வருடம்.
இது அசுன்சியோனில் தவணைக்கு வாங்கியது,
இன்னும் ஏழு தவணை பாக்கி.
அதன் குழிக்குள்
அறைச்சாவி, கைக்கடிகாரம்,
நான்காய் மடித்த குவாரனித் தாள்கள் இரண்டு.
மேலே உறையைத் திணித்து
நாற்காலியில் சாய்த்துவிட்டு
விளிம்புவரை தத்திப் போகிறேன்.

யாரும் தொடமாட்டார்கள்.
பார்க்கவே மாட்டார்கள்.
அதன் அருகே வந்த பார்வை
கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட விரல்போல்
வெடுக்கென்று திரும்பிவிடும்.
அறைப் பெட்டகத்துக்கு நான்கு எண்கள் வேண்டும்.
என்னுடையதற்கு
மற்றவர்களின் கூச்சம் போதும்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்.
என் கனம் கரையில் சாய்ந்து கிடக்கிறது.
தண்ணீருக்கு எண்ணத் தெரியாது;
ஒன்றா இரண்டா என்று கேட்காமல்
தூக்கிக்கொள்கிறது.

எட்டாவது சுற்றில் தலை தூக்கினேன்.
நாற்காலி இருந்தது.
துண்டு இருந்தது.
கால் இல்லை.

கத்த வாயைத் திறந்தேன்.
என்னவென்று கத்துவது?
திருடன் என்றா?
கால் என்றா?
பணம் நினைவில் இல்லை. கடிகாரமும் இல்லை.
விளிம்பிலிருந்து நாற்காலிக்குப் பதினொரு தத்தல்.
அதற்கப்புறம் மொத்த ஊர்.

மாமரத்தடியில் இருந்தது.
பக்கத்தில் ஒரு சிறுமி,
என் காலணியை ஒட்டி
தன் மஞ்சள் செருப்புகளை வரிசையாக வைத்து.

"வெயில்ல இருந்துச்சு," என்றாள்.
"என் செருப்பே சுட்டுச்சு. இது சுடாதா?"
கொஞ்சம் யோசித்து,
"உள்ள சாவி இருக்கு. நான் எடுக்கல."

குளத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குரல்:
"யானினா! அதைத் தொடாதே!"
அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.
எனக்குமுன் மன்னிப்புக் கேட்க
ஓடி வந்துகொண்டிருந்தாள், வழுக்க வழுக்க.

யானினா அவசரமாக
உள்ளங்கையைத் திறந்தாள்.
காகிதக் கைக்குட்டையில் ஒரு பல்.
காலையில் விழுந்தது, முன்பல்.
ராத்திரி தலையணைக்கடியில் வைத்தால்
எலி எடுத்துக்கொண்டு காசு வைக்கும்.
தொலைந்தால் காசு கிடையாது.
"நான் குதிச்சிட்டு வர்றவரைக்கும்
இது அதுக்குள்ள இருக்கட்டுமா?"

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.
சாவி என் பல்லிடுக்கில்.
தாள்கள் எங்கோ துண்டுக்கடியில்.
குழியில் இப்போது
ஓர் அரிசி அளவுப் பல் மட்டும்.

மணி ஒன்று.
டெர்லிஸ் குளிர்ந்த தர்பூசணி அறுத்துக் கொடுக்கிறான்,
அந்தப் பக்கம், நிழற்குடையின் கீழ்.
எனக்கு வேண்டும்.
கழிப்பறைக்கும் போகவேண்டும்.
காலை மாட்ட முடியாது, உள்ளே பல்.
விட்டுவிட்டுப் போகவும் முடியாது.
வருகிறவர் போகிறவர் எல்லோரும்
எனக்கு இப்போது திருடர்களாகத் தெரிகிறார்கள்,
அந்தப் பல்மருத்துவர் முக்கியமாக.

"இன்னும் ஒரே ஒரு தடவை!"
ஈறு தெரியச் சிரித்து
யானினா மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள்.
இது பதினான்காவது.